40 வெள்ளிக்கு வாங்கிய பள்ளி ஒப்பீட்டு அறிக்கை

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யின் முடிவு வந்த கையோடு ஆறு உயர்நிலைப் பள்ளிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்குக் கிடைப்பது சில நாள்தான். அந்தப் பதற்றத்தில் இணையத்தில் ஒரு நிறுவனம் விற்கும் ஒப்பீட்டு அறிக்கையை வாங்கினேன். "புள்ளியியல் மாதிரிப்படி தயாரித்தது" என்று முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். மகளின் மொத்தப் புள்ளி 14. அதற்கேற்ற பள்ளிகளை வரிசைப்படுத்தி 71.38, 70.94 என்று மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டிலிருந்து பயண நேரம், இணைப்பாட நடவடிக்கைகள் எல்லாம் ஒரே அட்டவணையில் இருந்தது உண்மையிலேயே உதவியது.

ஆனால் அந்த மதிப்பெண் எப்படி வந்தது என்று கடைசிப் பக்கத்தில் தேடிப் படித்ததும் மனசு விட்டுப்போனது. முக்கால்வாசி எடை, சென்ற ஆண்டு அங்கே சேர்ந்த பிள்ளைகளின் பிஎஸ்எல்இ புள்ளிக்கு! அது கல்வி அமைச்சின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அதோடு, பிள்ளை வாசலில் நுழையும்போது எப்படி இருந்தது என்பதைத்தான் அது சொல்லும், உள்ளே நான்கு வருடம் பள்ளி என்ன செய்தது என்பதை அல்ல.

பள்ளியை எடைபோட வேண்டுமென்றால் ஒரே புள்ளியோடு நுழைந்த பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிகளில் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஹார்வி கோல்ட்ஸ்டீன் போன்ற புள்ளியியலாளர்கள் வளர்த்தெடுத்த பலநிலை மாதிரிகள் அதைத்தான் செய்கின்றன, மாணவரை ஓர் அடுக்காகவும் பள்ளியை இன்னோர் அடுக்காகவும் வைத்து. முக்கியமாக, விடையோடு பிழை வரம்பையும், அதாவது விடை எவ்வளவு மேலே கீழே போகலாம் என்பதையும், தருகின்றன. இங்கிலாந்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் முன்னேற்றத்தை அளக்க 2016 முதல் வந்த 'புரோகிரஸ் 8' அளவீட்டில்கூட ஒவ்வொரு பள்ளிக்கும் அந்த வரம்பைப் போட்டார்கள். வரம்புகளைச் சேர்த்துப் பார்த்தால் நடுவில் இருக்கும் பல பள்ளிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கவே முடியாது. அப்படியிருக்க 71.38-க்கும் 70.94-க்கும் என்ன வித்தியாசம்? இந்த அறிக்கையில் வரம்பு என்ற பேச்சே இல்லை.

இன்னொன்று. பிஎஸ்எல்இ புள்ளிப்படி பிள்ளைகளைப் பிரித்த விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் 2024-இல் உயர்நிலை 1-இல் சேர்ந்தவர்களோடு போய்விட்டன, உயர்நிலைப் படிப்பின் முடிவில் அவர்களில் தொடங்கி 2027 முதல் எழுதப்போவது எஸ்இசி என்ற புதிய பொதுத் தேர்வு. அறிக்கையோ இன்னும் பழைய சாதாரண நிலைத் தேர்வையே பேசிக்கொண்டிருக்கிறது.

அந்த நிறுவனத்துக்கு எழுதி, கணக்கிட்ட முறையையும் பிழை வரம்பையும் கேட்டேன். "எங்கள் சூத்திரம் ரகசியம்" என்று பதில் வந்தது. பிள்ளையின் நான்கு வருடத்தைத் தீர்மானிக்கும் கணக்கில் என்ன ரகசியம் வேண்டியிருக்கிறது?

பயண நேர அட்டவணைக்கு மட்டும் 10 வெள்ளி கொடுக்கலாம். மதிப்பெண் பக்கத்தை நான் மகளிடம் காட்டவே இல்லை. பொது வரவேற்பு நாளில் அவளோடு மூன்று பள்ளிகளுக்குப் போய், அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே பேசிவிட்டுத்தான் பட்டியலை நிரப்பினோம்.