படச் சட்டத்துக்குக் கண்ணாடியா, அக்ரிலிக்கா?

கனடாவில் குளிர்காலம் வீட்டுக்குள்ளேயே கழியும். படங்களுக்குச் சட்டம் போட்டு மாட்ட நல்ல நேரம். மேலே கண்ணாடியா, அக்ரிலிக் என்ற தெளிவான பிளாஸ்டிக் தகடா?

அக்ரிலிக்கின் எடை, கண்ணாடியின் எடையில் ஏறக்குறைய பாதிதான். ஜிப்சம் பலகைச் சுவரில் பெரிய படம் மாட்ட அதுவே நிம்மதி. விழுந்தாலும் சில்லுசில்லாக நொறுங்காது. ஆனால் சட்டென்று கீறல் விழும், அமோனியா கலந்த கிளீனர் பட்டால் மங்கிப்போகும். ஹீட்டர் ஓடும் வறண்ட காற்றில் நிலைமின்சாரம் ஏறித் தூசியை இழுக்கும். கரித்துண்டு அல்லது பாஸ்டல் (தூள் உதிரும் வண்ணக் குச்சி) ஓவியம் என்றால் நிறத்துகளையே இழுத்துவிடும். அவற்றுக்குக் கண்ணாடிதான், மறுபேச்சே இல்லை.

சின்னக் குடும்பப் படங்களுக்கும் கண்ணாடியே போதும்: விலை குறைவு, துடைப்பதும் சுலபம். குழந்தைகளின் கட்டிலுக்கு மேலே மட்டும் வேண்டாம். அப்புறம், எதைப் போட்டாலும் படம் அதில் ஒட்டாதபடி நடுவே மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி வரும், நடுவில் வெட்டிய தடித்த அட்டை) வையுங்கள்.