முதியவர் சிகிச்சையில் முடிவு யாருடையது? பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களின் நான்கு வழிகள்

அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம், ஜீவன்பீமா நகர் எனப் பெங்களூரில் தமிழர் நிறைந்த பகுதிகளில் எண்பதைத் தொட்ட ஒரு தலைமுறை வாழ்கிறது. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல். தொழிற்சாலைகளில் உழைத்து ஓய்வு பெற்றவர்களும் அவர்களின் மனைவிமாரும் அதில் பெரும்பங்கு. பிள்ளைகளில் ஒருவர் இங்கே, ஒருவர் சென்னையில், ஒருவர் கடல் தாண்டி. இந்த வீடுகளில் பக்கவாதமோ மறதிநோயோ புற்றுநோயோ நுழைந்ததும் எல்லோரும் செலவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். யாரைக் கேட்டு முடிவு செய்வது என்பதைப் பேசுவதில்லை. பின்னால் அண்ணன் தம்பிகள் முகம் பார்க்காமல் போவதற்கு இந்தப் பேசாத கேள்விதான் பெரும்பாலும் காரணமாகிறது.

வழிகளை ஒப்பிடும் முன் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவோம். நினைவும் தெளிவும் உள்ள வயதுவந்தவரின் சிகிச்சைக்கு அவரே சம்மதம் தர வேண்டும். 2008-இல் டெல்லியிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஐயமறச் சொன்னது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த 44 வயதுப் பெண்ணின் கருப்பையை, வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, அவர் கண்விழிக்கும்வரை பொறுத்து அவரையே கேட்டிருக்க வேண்டும், தாயின் சம்மதம் செல்லாது என்றது தீர்ப்பு. பெற்றவளின் கையெழுத்துக்கே அந்த நிலை. ஆனாலும் இன்றைக்கும், நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருக்க, படிவத்தைப் பக்கத்தில் நிற்கும் மகனிடம் நீட்டுகிறார்கள். மகனும் வாங்கிக் கையெழுத்துப் போடுகிறார். தவறு என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

முதல் வழி, நமக்கு மிகவும் பழகியது: செலவு செய்பவர் முடிவெடுப்பது. பெரும்பாலும் மூத்த மகன், அல்லது வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புபவர். இதற்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. மாரடைப்பு, விபத்து, மூளையில் இரத்தக்கசிவு என்று நிமிடங்கள் முக்கியமாகும்போது ஒரே குரல் இருப்பது உயிரைக் காக்கும். அந்தச் சில மணி நேரத்துக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. சிக்கல் அதன் பிறகு வருகிறது. நெருக்கடிக்காகக் கொடுத்த அதிகாரத்தை, மாதக்கணக்கில் நீளும் பராமரிப்புக்கும் அவரே வைத்துக்கொள்கிறார்.

அல்சூரில் எனக்கு நெருக்கமான ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கவாதத்துக்குப் பிறகு பெரியவருக்கு விழுங்குவது சிரமமாகிவிட்டது. மூக்கு வழியாக உணவுக் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் அதைப் பிடுங்கப் பார்த்தார், அதனால் கையில் துணி சுற்றிக் கட்டிலோடு கட்டினார்கள். குழாய் அப்படியே இருக்கட்டும், இருபத்து நான்கு மணி நேர ஆள் ஒருவரை வைக்கலாம் என்று வெளிநாட்டிலிருந்த மகன் தொலைபேசியில் முடிவு செய்தார். அக்கறையோடுதான் செய்தார், அதில் ஐயமில்லை. ஆனால் மாமனாருக்கு நாள்தோறும் வாய் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்துக் கொண்டிருந்த மருமகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது வேறு யாருக்கும் தெரியாது. குழாய் போடுவதற்கு முன்பு தண்ணீரும் காபியும் கொடுத்தால்தான் புரையேறியது. நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, கெட்டியான ராகிக் கஞ்சியை அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் கொடுத்தபோது இறங்கியது. விழுங்கும் பயிற்சி கொடுக்க வந்த சிகிச்சையாளரிடம் அவர் இதைச் சொன்ன பிறகுதான் மறுபரிசோதனை நடந்தது. படிப்படியாகக் குழாயும் எடுக்கப்பட்டது. எல்லா நோயாளிக்கும் இப்படி முடியாது. அது மருத்துவர் சோதித்துச் சொல்ல வேண்டியது. ஆனால் அந்தச் சோதனைக்குத் தேவையான தகவல் அடுக்களையில் இருந்தது, அதிகாரமோ தொலைபேசியின் மறுமுனையில் இருந்தது. முதல் வழியின் குறை இதுதான்.

இரண்டாவது வழி, எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசுவது. மருத்துவரிடம் தனியாக நேரம் கேட்டு, நோயாளியையும் வைத்துக்கொண்டு, குடும்பம் முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைக் கேட்பது. வெளியூரில் இருப்பவர்கள் வீடியோ அழைப்பில் சேர்ந்துகொள்ளலாம். ‘டாக்டர் என்னிடம் அப்படிச் சொல்லவில்லையே’ என்ற சண்டைக்கு இடமே இராது. தீராத நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்பு மருத்துவர்கள் இந்த உரையாடலைச் சிகிச்சையின் பகுதியாகவே நடத்துகிறார்கள். மாரத்தஹள்ளிப் பக்கம் இருக்கும் கருணாஷ்ரயா, முற்றிய புற்றுநோயாளிகளுக்குக் கட்டணமில்லாமல் பராமரிப்புத் தரும் இடம். அத்தகைய இடங்களில் குடும்பத்தை உட்காரவைத்துப் பேசுவது வழக்கமான வேலை. பரபரப்பான பெரிய மருத்துவமனைகளில் நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது.

இந்த வழிக்கும் பள்ளங்கள் உண்டு. குரல் பெரிதாக இருப்பவர் பக்கம் முடிவு சாய்ந்துவிடும். வீட்டுப் பாகப்பிரிவினை மனக்கசப்பு வென்டிலேட்டர் பேச்சுக்குள் புகுந்துவிடும். எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, ‘அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டார்’ என்று நோயாளியை வெளியே வைத்துவிட்டுக் கூடும் கூட்டம். அம்மாவுக்குத் தெரியாமல் இருப்பதில்லை. மருந்து மாறுவதும், உறவினர்கள் திடீரென்று வந்து போவதும், பேச்சு பாதியில் நிற்பதும் அவருக்குப் புரிகிறது. தெரிந்ததைச் சொல்லி அழ ஓர் ஆள் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை முதலில் அவரிடமே கேட்க வேண்டும். ‘எனக்கு வேண்டாம், பெரியவனிடம் சொல்லுங்கள்’ என்று அவரே சொன்னால் அது அவருடைய முடிவு.

பெங்களூருக்கென்று இன்னொரு சிரமமும் இருக்கிறது. படிவம் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருக்கும். நம் வீட்டு மூதாட்டிகள் பலர் கன்னடம் பேசுவார்கள், ஆனால் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டுமே. மருத்துவர் சொல்வதைப் பிள்ளைகள் சுருக்கி, இனிப்பாக்கித் தமிழில் தருகிறார்கள். சுருக்காமல் சொல்லும் ஒருவர் வேண்டும். தமிழ் தெரிந்த செவிலியர் ஒருவரைக் கூப்பிட்டுத் தரச் சொல்லிக் கேட்பதற்குத் தயங்கவே கூடாது.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘அப்பா எனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், எல்லாம் நான் பார்த்துக்கொள்வேன்’ என்று பலர் நம்பிக்கையோடு சொல்கிறார்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தால் அந்த முகவர் அதிகாரமும் முடிந்துவிடுகிறது. அதாவது மறதிநோய் முற்றி, அது மிகவும் தேவைப்படும் நேரத்தில் பவர் பத்திரம் கைகொடுக்காது. அதன் பிறகு வங்கிக் கணக்குக்கோ வீட்டுக்கோ சட்டப்படியான பாதுகாவலர் வேண்டுமென்றால், நினைவிழந்து கிடப்பவர்கள் விஷயத்தில் பல குடும்பங்கள் அரசமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை நாடுகின்றன. வழக்கறிஞர், மருத்துவ அறிக்கை, அதிகாரிகளின் விசாரணை என்று நாளாகும். சொத்துக்காக வேறு வழியில்லாதபோது போக வேண்டிய பாதை இது. சிகிச்சை முடிவுக்கு இதை நம்பி இருக்கக் கூடாது.

நான்காவது வழி, கடைசிக் கட்டத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதி வைப்பது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று கூறி, முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்துக்கு ஏற்பளித்தது. அப்போது மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் தேவை என்றிருந்ததால் அதைச் செய்யத் துணிந்தவர்கள் குறைவு. 2023 ஜனவரியில் அந்த நிபந்தனையைத் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் சான்று பெற்றால் போதும். தன் சார்பில் பேசப்போகிறவரின் பெயரையும் அதில் குறிப்பிட வேண்டும். மீள வழியில்லாத நோயில் எழுதியவரால் முடிவெடுக்க இயலாத நிலை வந்தால், மருத்துவமனையின் முதல்நிலை மருத்துவர் குழுவும் இரண்டாம் நிலை மருத்துவர் குழுவும் ஆராய்ந்து, பெயர் குறிக்கப்பட்டவரின் சம்மதத்தோடு உயிர்காப்புக் கருவிகளை விலக்கலாம். கர்நாடக சுகாதாரத் துறை 2025 ஜனவரி இறுதியில் இதை நடைமுறைப்படுத்தும் உத்தரவைப் பிறப்பித்தது. மனநலச் சிகிச்சைக்குத் தனியாக 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு ஒருவரைத் தம் பிரதிநிதியாக நியமித்துக்கொள்ளலாம்.

காகிதத்தின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் ஏற்ற ஆவணம் கடைசிக் கட்டத்துக்கானது. குழாய் வழி உணவா, கைக் கஞ்சியா. வீட்டிலேயே வைத்துக்கொள்வதா, பராமரிப்பு இல்லமா. பகலில் பார்க்க யார், இரவில் யார் என்ற கேள்விகளுக்கு அதில் விடை இராது. அவற்றுக்கு இரண்டாவது வழியே துணை. மறுபுறம், எவ்வளவு நன்றாகக் கூடிப் பேசினாலும் ஐசியூ வாசலில் ஒரு தங்கை ‘எப்படியாவது காப்பாற்றுங்கள்’ என்று கதறும்போது வாய்வார்த்தை நிற்காது. அப்போது அப்பாவே கையெழுத்திட்ட தாள் இருந்தால், முடிவின் பாரம் பிள்ளைகள் தோளிலிருந்து பாதி இறங்கிவிடும்.

ஆகவே நான் சொல்வது இது: பெரியவர் தெளிவாக இருக்கும்போதே இரண்டாவது வழியில் தொடங்கி, நான்காவதில் முடிக்க வேண்டும். முதல் வழியை அவசர நேரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பேசும்போது ‘நமக்கு என்ன வேண்டும்’ என்று கேட்காமல், ‘அவராக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்’ என்று கேட்க வேண்டும். கோவிலுக்குப் போக முடியாவிட்டால் பரவாயில்லை, பேரப்பிள்ளைகளை அடையாளம் தெரியாமல் இருக்கக் கூடாது என்பது ஒருவரின் எல்லையாக இருக்கும். என்னை யாரும் குளிப்பாட்டும் நிலை வரக் கூடாது என்பார் இன்னொருவர். இதைக் குறித்து வைத்தால் மருத்துவருக்கும் உதவும். ஆவணத்தில் பெயர் எழுதும்போது மூத்தவர் என்பதற்காகவோ சம்பாதிப்பவர் என்பதற்காகவோ ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவர், மருத்துவரிடம் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கக் கூச்சப்படாதவர், தன் ஆசையை ஒதுக்கி வைக்கத் தெரிந்தவர் வேண்டும். அது மருமகளாகவோ திருமணமாகிப் போன மகளாகவோ இருந்தால் குடும்பம் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.

எழுதிய பிறகு பீரோவில் பூட்டி வைத்தால் பயனில்லை. பெயர் குறிக்கப்பட்டவரிடம் ஒரு நகல், குடும்ப மருத்துவரிடம் ஒரு நகல், உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அதிகாரியிடம் ஒரு நகல் தர வேண்டும் என்கிறது தீர்ப்பு. மருத்துவமனைக் கோப்பிலும் ஒன்று இருக்கட்டும். மனம் மாறினால், தெளிவோடு இருக்கும் வரை எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்து புதிதாக எழுதலாம்.