பனி இல்லாத ஊரில் கர்லிங்: எட்டுக் கல் தரை செட் வாங்கலாமா?

வீட்டுக்கு ஒன்று என்று வாங்குகிற சாமான் இல்லை இது. சிங்கப்பூரில் ஒரு புளோக்கின் வசிப்போர் குழுவோ, சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவோ, மூத்தோர் நிலையமோ வாங்கினால் போட்ட காசுக்கு நன்றாக உழைக்கும். தனிக் குடும்பம் வாங்கினால் சில மாதங்களில் கட்டிலுக்கு அடியில் போய்விடும். இணைய அங்காடிகளில் ‘தரை கர்லிங்’ என்று விற்கிறார்களே, அந்த எட்டுக் கல் செட்டைப் பற்றித்தான் சொல்கிறோம். கர்லிங் என்பது, பனித்தளத்தில் கனமான கல்லைத் தள்ளிவிட்டு, எதிர்முனை வட்டத்தின் நடுப்புள்ளிக்கு நெருக்கமாக நிறுத்தப் பார்க்கும் அணி ஆட்டம்.

பெட்டிக்குள் சிவப்பில் நான்கு கல், நீலத்தில் நான்கு கல், சுருட்டி வைக்கும் இலக்கு விரிப்பு, நின்றபடியோ சக்கர நாற்காலியில் இருந்தோ தள்ள ஒரு கோல், இரண்டு பக்க வரலாற்றுத் தாள். ‘கல்’ என்பது பெயருக்குத்தான். பிளாஸ்டிக் உடல், சுற்றிலும் ரப்பர் வளையம், அடியில் எல்லாத் திசையிலும் உருளும் மூன்று எஃகுக் குண்டுகள். ஒரு கையால் தூக்கிவிடலாம். நிஜக் கல் கருங்கல், 17.24 முதல் 19.96 கிலோ வரை கனக்கும். ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் உள்ள ஐல்சா கிரெய்க் என்ற சிறு தீவின் கல்லுக்குத்தான் இன்றும் முதல் மரியாதை.

இந்தச் செட் எதைத் தராது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பனித்தளத்தில் கல்லை லேசாகச் சுழற்றி விட்டால், அது போகப் போக சுழலும் பக்கமாகவே வளையும். 38 மீட்டருக்கு மேல் போகும் பயணத்தில் ஒரு மீட்டருக்கும் அதிகமாக வளைவது சாதாரணம். உருளும் குண்டில் இது நடக்கவே நடக்காது. எப்படிச் சுழற்றினாலும் கல் நேராகத்தான் போகும். துடைப்பத்துக்கும் இங்கே வேலை இல்லை. பனியில் கல்லுக்கு முன்னால் தேய்ப்பதால் மேற்பரப்பு சற்றே சூடாகி, கல் சில மீட்டர் கூடுதலாகவும் நேராகவும் ஓடும். சிமெண்டுத் தரையைத் தேய்த்தால் தூசிதான் போகும். பாராலிம்பிக் போட்டிகளில் 2006 முதல் இருக்கும் சக்கர நாற்காலி கர்லிங்கிலும் தேய்ப்பது கிடையாது, கோல் உண்டு. ஆகவே தேய்க்காத ஆட்டம் கர்லிங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

வளைவும் தேய்ப்பும் போனாலும் தந்திரம் முழுசாக மிஞ்சுகிறது. ஒரு சுற்றில் ஒரு அணிக்குத்தான் புள்ளி. எதிரணியின் மிகக் கிட்டிய கல்லைவிட நடுப்புள்ளிக்கு நெருக்கமாக உங்கள் கற்கள் எத்தனையோ, அத்தனை புள்ளி. கடைசிக் கல் யாருடையதோ அவர்களுக்கே சாதகம்; புள்ளி எடுத்த அணி அடுத்த சுற்றில் கடைசிக் கல்லை எதிரணிக்கு இழக்கும். இதனால் கையில் கடைசிக் கல் இருக்கும்போது ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும் என்றால், வேண்டுமென்றே எதையும் எடுக்காமல் விட்டுவிடுவதும் உண்டு. முன்னால் காவலுக்கு ஒரு கல்லை நிறுத்துவது, அதன் மறைவில் இன்னொன்றைக் கொண்டுபோய் வைப்பது, எதிரியின் கல்லை அடித்து வெளியேற்றுவது எல்லாம் இந்தத் தரையிலும் நடக்கும். மறைவுக்குப் பின்னால் வளைத்துக் கொண்டுபோக முடியாததால் காவல் கல் இங்கே நிஜ ஆட்டத்தைவிட வலுவானது. இரண்டு காவல் வைத்தால் எதிரணி திணறும்.

வரலாற்றுத் தாள்தான் இந்தப் பெட்டியிலேயே சப்பையான பொருள். 1511 என்று பொறித்த, ஸ்காட்லாந்தின் பழைய ஸ்டெர்லிங் கல்லில் தொடங்கி, 1998 நகானோ ஒலிம்பிக்கிற்கு ஒரே தாவல். நடுவே இந்த ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்த சின்ன ஊர் கிளப்புகளைக் காணோம். 1838இல் எடின்பரோவில் தொடங்கிய கிராண்ட் கலிடோனியன் கர்லிங் கிளப் விதிகளை ஒன்றாக்கியது. 1842இல் விக்டோரியா ராணி ஸ்கோன் அரண்மனைக்கு வந்தபோது, மெருகேற்றிய நடனக்கூடத் தரையில்தான் இந்த ஆட்டத்தைக் காட்டினார்கள். மறு வருஷம் கிளப்பின் பெயரில் ‘ராயல்’ சேர்ந்தது. தரையில் ஆடுவதை மட்டமாக நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

கனடாவின் மனிடோபா, சஸ்காச்சுவான் சமவெளிகளில் கோதுமை அறுவடை முடிந்தால் குளிர்காலம் முழுக்க வயலில் வேலை இல்லை. ஹாக்கித் தளத்தோடு ஒட்டி இரண்டு மூன்று கர்லிங் தடங்கள், பின்னால் ஊர்க்காரர்களே நடத்தும் ஒரு சமையல்கட்டு. பல ஊர்களுக்கு அதுவே பொது மண்டபம். ஆரம்பத்தில் ஆளுக்கு ஆள் சொந்தக் கல் கொண்டுவந்தார்கள். கல்லுக்குக் கல் எடையும் ஓட்டமும் மாறும். வசதி உள்ளவன் கையில்தான் நல்ல கல். கிளப்பே ஒரே மாதிரியான கற்களை வாங்கி வைக்கத் தொடங்கிய பிறகு யார் வேண்டுமானாலும் சந்தா கட்டி வந்து ஆடலாம் என்றானது. பிள்ளைகளுக்கு ஜாம் டப்பாவில் சிமெண்டோ தண்ணீரோ ஊற்றி உறைய வைத்துக் கொடுத்தார்கள். சஸ்காச்சுவான் 2001இல் கர்லிங்கைத் தன் அதிகாரபூர்வ விளையாட்டாகவே அறிவித்தது.

ஆசியாவிலும் கதை இதேதான். ஜப்பானின் ஹொக்காய்டோ தீவில் உள்ள தொக்கோரோ, கடலோரச் சிற்றூர். 1980களின் தொடக்கத்தில் அங்கே சின்ன பீர் பீப்பாயில் சிமெண்டு நிரப்பிக் கல்லாக்கி ஆடிப் பழகினார்கள். 1988இல் கர்லிங்குக்கென்றே ஒரு உள்ளரங்கம் கட்டினார்கள். அந்த ஊரில் வேரூன்றிய லோக்கோ சொலாரே அணி ஒலிம்பிக்கில் 2018இல் வெண்கலமும் 2022இல் வெள்ளியும் வென்றது. தென்கொரியாவின் உய்சொங், பூண்டுக்குப் பேர்போன இடம். 2006இல் அங்கே ஒரு கர்லிங் நிலையம் வந்தது. அங்கு பழகிய பெண்கள் 2018இல் வெள்ளி வென்றார்கள். இந்த ஊர்களில் எல்லாம் கல்லும் தடமும் பொதுச் சொத்து. செட்டைக் கூட்டாக வாங்குங்கள் என்று நாம் சொல்வதற்கு அதுவே காரணம்.

இனி தடம் போடும் வேலை. சிங்கப்பூரில் இதற்கு மிகப் பொருத்தமான இடம் சமூக மன்றத்தின் பூப்பந்துத் தளம். நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடம் போடலாம். வலையைக் கழற்றிவிடுங்கள். ஒரு முனையின் பின்கோட்டுக்கு வெளியே நின்று கல்லை விட வேண்டும். எதிர்முனைப் பின்கோட்டிலிருந்து 2 மீட்டர் உள்ளே நடுப்புள்ளி. எதிர்ப்பக்கத்துக் குறுகிய சர்வீஸ் கோட்டை (வலைக்குக் கிட்ட உள்ள குறுக்குக் கோடு) எல்லையாக வையுங்கள். அதைத் தாண்டாத கல்லை எடுத்துவிட வேண்டும். நிஜத் தடத்திலும் இப்படி ஒரு கோடு உண்டு. அது இல்லாவிட்டால் தடத்தின் நடுவிலேயே காவல் கல் நின்று ஆட்டம் அடைத்துக்கொள்ளும்.

கூடவே வரும் இலக்கு விரிப்பைச் சுருட்டியே வைத்துவிடலாம். நிஜ வட்டம் 3.66 மீட்டர் குறுக்களவு. இது அதில் மூன்றில் ஒரு பங்குதான். நான்கு கல் வந்தாலே நெரிசல். போதாததற்கு விரிப்பின் ஓரத்தில் ஏறும்போது கல் குதித்துத் திசை மாறும். துணிமேல் வேகமும் சட்டென்று விழும். நடுவில் ஒருவர் நூலைப் பிடித்துக்கொள்ள, 90 செண்டிமீட்டரில் ஒரு வட்டம், 60இல் ஒன்று, 30இல் ஒன்று என்று மாஸ்கிங் டேப்பைச் சிறு துண்டுகளாக ஒட்டுங்கள். ஆட்டம் முடிந்ததும் உரித்துவிடுங்கள். நாள்பட விட்டால் பசை தரையில் தங்கும், மன்றத்தில் பேச்சு வாங்க வேண்டிவரும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளம் பார்க்க வசதியாகத் தெரியும், ஆனால் சரிவராது. தண்ணீர் ஓடிவிட வேண்டுமென்று தரைக்குச் சாய்வு கொடுத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வைக் குண்டு உடனே கண்டுபிடித்துவிடும். நடுவுக்கு விட்ட கல் வடிகால் பக்கம் போனால் கையைக் குறை சொல்லாமல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். டைல்ஸ் தரை அதைவிட மோசம். இடுக்குக்கு இடுக்கு கல் தடதடக்கும். பனிச்சறுக்குத் தளம் கிடைத்தால் நிஜக் கல்லே ஆடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஜூரோங் ஈஸ்ட் ஜேகியூப் கடைத்தொகுதியில் இருந்த தளம் 2023இல் மூடப்பட்டது. அது இருந்தாலும், கர்லிங்குக்குத் தண்ணீர்த் துளிகளைத் தெளித்துப் பொடிப்பொடியாக உறைய வைத்த மேற்பரப்பு வேண்டும். வழவழப்பான சறுக்குத் தளத்தில் கல் பாதியிலேயே நின்றுவிடும்.

கற்களில் அடிக்கடி வரும் கோளாறு ஒரு பக்கம் இழுப்பது. பெரும்பாலும் மூன்றில் ஒரு குண்டு இறுகியிருக்கும். கல்லைக் கவிழ்த்து விரலால் ஒவ்வொன்றாய் உருட்டினால் தெரிந்துவிடும். தலைமுடியோ நூலோ சுற்றியிருந்தால் சாமணத்தால் எடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்குக் குண்டில் துரு பூக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு அப்படியே பெட்டியில் போடுவதே இதற்கு முக்கியக் காரணம். உலர்ந்த துணியால் துடைத்து, சிலிகா பொட்டலத்தோடு மூடிவையுங்கள். எண்ணெய் விடாதீர்கள். ஒரு வாரம் நன்றாக ஓடும், பிறகு தூசியைப் பிடித்துக்கொண்டு பழையதைவிட மோசமாகும். கேரம் ஆடுகிறவர்களுக்குக் கை துறுதுறுக்கும், ஆனால் பவுடர் தூவவே கூடாது. குண்டுக்குள் போய் அடைக்கும். அதைவிட, வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள்.

புதுச் செட்டிலும் எட்டுக் கல்லும் ஒன்றுபோல் ஓடா. ஒவ்வொன்றையும் ஒரே ஆள் ஒரே வேகத்தில் பலமுறை விட்டு, நின்ற தூரத்தைக் குறித்து, 1 முதல் 4 வரை எண் எழுதி, ஒத்துப்போகிற கற்களைச் சோடியாக்குங்கள். கிளப் கற்களுக்கும் எண் உண்டு. எந்தக் கல் சோம்பேறி என்று அணித்தலைவர் நினைவில் வைத்திருப்பார்.

தள்ளும் கோலின் கவைதான் பலவீனம். கல்லை விடும்போது ரப்பர் வளையத்தில் ஒட்டிக்கொண்டு கடைசி நொடியில் திருப்பிவிடும். கவையின் உள்பக்கம் வழவழப்பான டேப் ஒட்டினால் சரியாகும்.

நான்கு பேர் அணியாக நிஜ ஆட்டம்போல் ஆளுக்கு இரண்டு கல் விட 16 கல் வேண்டும், அதாவது இரண்டு செட். ஒரே நேரத்தில் ஒரே கடையில் வாங்குங்கள். வேறு தொகுதியில் வந்த கல் வேறு ஓட்டம் ஓடும். பணம் கட்டுமுன் மாற்றுக் குண்டு தனியாகக் கிடைக்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். கிடைக்காது என்றால் வேறு செட் பாருங்கள்.