பிளானிங் மறுத்துவிட்டார்கள்: திருத்திப் போடுவதா, மேல்முறையீடா, அனுமதி தேவைப்படாததைக் கட்டுவதா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, தெரிந்த தம்பி ஒருவர் கவுன்சிலின் பிளானிங் (கட்டட அனுமதி) மறுப்புக் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். லண்டன் ஓரத்தில், 1930களில் கட்டிய செமி டிட்டாச்டு வீடு, அதாவது ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டிய வீடு, அவருடையது. கூரையின் பின்பக்கத்தை அகலம் முழுக்க உயர்த்தி டோர்மர் (சரிவிலிருந்து பெட்டி போல எழும் ஜன்னல் பகுதி) போட்டு, லாஃப்டில், அதாவது கூரைக்கடியில், இரண்டு படுக்கையறையும், தரைத்தளத்தில் பின்பக்கம் நீட்டி அம்மாவுக்கு ஓர் அறையும் எடுப்பது திட்டம். வீடு கன்சர்வேஷன் ஏரியாவுக்குள், அதாவது பாதுகாப்புப் பகுதிக்குள், இருக்கிறது. கடிதத்தில் ஒரே ஒரு காரணம்தான்: டோர்மரின் பருமனும் வடிவமும் அசல் கூரையை அமுக்கி, பகுதியின் தன்மையைக் கெடுக்கின்றன.

"எதிர்வீட்டுக்காரர் கட்டியிருக்கிறார் அண்ணா. எனக்கு மட்டும் ஏன் இல்லையாம்?"

வரைபடத்தைத் திறந்து பார்த்தோம். பாதுகாப்புப் பகுதியின் எல்லைக்கோடு தெருவின் நடுவில் ஓடுகிறது. எதிர்வரிசை வெளியே, இவருடைய வரிசை உள்ளே. வெளியே இருப்பவர் செமி வீட்டில் 50 கன மீட்டர் வரை, வரிசை வீடென்றால் 40 கன மீட்டர் வரை, விதித்த அளவுகளுக்குள் பிளானிங் கேட்காமலே கூரையைப் பெருக்கலாம். உள்ளே இருப்பவருக்கு அந்த உரிமை அறவே கிடையாது. சிறிய டோர்மருக்கும் விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும்.

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட பகுதிகள் ஏறத்தாழ 10,000 இருக்கின்றன. 1967 சட்டத்தில் தொடங்கியது இது. அந்த ஆண்டே லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபோர்ட் முதல் பகுதியானது. பழைய அரண்மனைத் தெருக்கள் மட்டும்தான் இதில் வரும் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். டூட்டிங்கில் நம் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கும் சாலையிலிருந்து கொஞ்சம் நடந்தால் வரும் டோட்டர்டவுன் ஃபீல்ட்ஸ், 1900களின் தொடக்கத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்காக லண்டன் கவுண்டி கவுன்சில் கட்டிய சின்னச் சின்ன வீடுகள். வெம்ப்ளி பக்கம் பார்ன் ஹில், இரண்டு போர்களுக்கு இடையில் எழுந்த சாதாரணக் குடும்ப வீடுகள். இரண்டுமே பாதுகாப்புப் பகுதிகள். வீடு வாங்கும்போது வழக்கறிஞர் தரும் தேடல் அறிக்கையில் இந்த வரி இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் அதிகம்.

சரி, மறுப்பு வந்தாகிவிட்டது. முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. எதை எடுப்பதென்று யோசிக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கடிதத்தை மூடி வைத்துவிட்டு, கவுன்சில் இணையதளத்தில் அதே விண்ணப்ப எண்ணின் கீழ் இருக்கும் அதிகாரியின் அறிக்கையை எடுங்கள். மறுப்புக் கடிதம் தோற்ற இடத்தை மட்டும் சொல்லும். நாம் எங்கெல்லாம் ஜெயித்திருக்கிறோம் என்பது அறிக்கையில்தான் இருக்கும். தம்பியின் அறிக்கை நாலரைப் பக்கம். பக்கத்து வீட்டின் வெளிச்சம் பாதிக்கப்படவில்லை, செங்கல்லும் ஓடும் பொருத்தம், தரைத்தளப் பின்பக்க எக்ஸ்டென்ஷன் ஏற்கத்தக்கது என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். டோர்மருக்கு வந்தபோதுதான் தொனி மாறியது: கூரை முகட்டை ஒட்டி எழுகிறது, ஓரங்களில் இடைவெளியே இல்லை, ஜன்னல்கள் கீழே உள்ளவற்றோடு நேர்கோட்டில் அமையவில்லை. இந்த மூன்று வரிகளே அடுத்த வரைபடத்துக்கான குறிப்பு. இதை அவர் அதுவரை படிக்கவே இல்லை. அவருடைய வரைவாளரும் காட்டவில்லை.

மேல்முறையீடு

கோபத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். கட்டணம் கிடையாது. மறுப்புத் தேதியிலிருந்து 12 வாரத்துக்குள் போட வேண்டும். கவுன்சிலுக்குச் சம்பந்தமில்லாத பிளானிங் இன்ஸ்பெக்டரேட் ஓர் இன்ஸ்பெக்டரை நியமிக்கும். அவருக்கு உள்ளூர் அரசியலோ அண்டை வீட்டுச் சண்டையோ தெரியாது. புதுக்கண்ணோடு பார்ப்பார். இதெல்லாம் உண்மையான பலம்தான்.

பலவீனத்தையும் பாருங்கள். வீட்டுக்காரர்களுக்கான மேல்முறையீடு எழுத்து மூலமாகவே நடக்கும். கவுன்சில் மறுத்த அதே வரைபடத்தைத்தான் இன்ஸ்பெக்டர் பார்ப்பார். "டோர்மரை அரை மீட்டர் குறைக்கிறேன்" என்று அங்கே பேரம் பேச முடியாது. உங்கள் வாதம் முழுவதையும் படிவத்தோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் போச்சு. முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். இன்ஸ்பெக்டர் வீட்டைப் பார்க்க வரும் நாளில் நீங்கள் கதவைத் திறந்துவிடலாம், லாஃப்ட் ஏணியைப் பிடித்துக்கொள்ளலாம். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. தேநீரும் பேச்சும் கொடுத்து மனதை மாற்றலாம் என்று நம்பியிருந்தவர்கள் அன்றைக்கு ஏமாந்து போகிறார்கள்.

பாதுகாப்புப் பகுதியில் நாம் ஏன் அடிக்கடி தோற்கிறோம் என்பதற்கு இதைவிட ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. பாதுகாப்புப் பகுதிகளுக்கான 1990 சட்டத்தின் 72ஆம் பிரிவு, பகுதியின் தன்மையையோ தோற்றத்தையோ பேணுவதற்கோ மேம்படுத்துவதற்கோ சிறப்புக் கவனம் செலுத்தச் சொல்கிறது. இது கவுன்சிலுக்கும் பொருந்தும், இன்ஸ்பெக்டருக்கும் பொருந்தும். ஊறு சிறியது என்றாலும், அதைவிடப் பெரிய பொது நன்மை எதிர்த்தட்டில் இருக்க வேண்டும் என்பது தேசியக் கொள்கை. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அறை, ஊரிலிருந்து வரும் அம்மாவுக்குக் கீழே ஓர் அறை: நமக்கு இவை உயிரான தேவைகள். பிளானிங் கணக்கில் இவற்றைப் பெரும்பாலும் தனி நன்மை என்றே எழுதுவார்கள். குடும்பக் கஷ்டத்தை மூன்று பக்கம் எழுதி அனுப்பிய மேல்முறையீட்டுக்கு, ஒரே பத்தியில் "அனுதாபம் உண்டு, ஆனால்" என்று பதில் வந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்தி மனதை உடைக்கும். அந்த மூன்று பக்கத்தையும் கூரையின் அளவுகளைப் பற்றி எழுதியிருக்கலாம்.

ஊறு இல்லவே இல்லை என்று காட்ட முடிந்தால் கதை வேறு. 1992இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, சவுத் லேக்லாண்ட் வழக்கில் தெளிவாக்கியது: பகுதியை அழகுபடுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இருக்கும் தன்மை கெடாமல் விட்டாலே அது பேணியதாகும். மேல்முறையீட்டுக்குப் போகிறவர் கையில் பிடிக்க வேண்டிய கொடி இதுதான். அதே தெருவில், அதே எல்லைக்குள், இப்போதுள்ள கொள்கைகள் வந்த பிறகு, அதே அளவில் கவுன்சில் அனுமதித்த இரண்டு மூன்று டோர்மர்களை விண்ணப்ப எண்ணோடு காட்ட முடிந்தால் பலம் கூடும். "பக்கத்தில் இருக்கிறதே" என்று புகைப்படம் மட்டும் ஒட்டினால் பயனில்லை. அது பாதுகாப்புப் பகுதி அறிவிக்கப்படும் முன் கட்டியதாக இருக்கலாம், அனுமதியே இல்லாமல் எழுந்ததாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. மேல்முறையீட்டில் தோற்றால், அந்தத் தீர்ப்பு உங்கள் வீட்டின் பிளானிங் வரலாற்றில் நிற்கும். அடுத்து வரும் விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி முதலில் அதைத்தான் எடுப்பார். ஏறத்தாழ அதே திட்டத்தை இரண்டு ஆண்டுக்குள் மறுபடி கொண்டுபோனால் பரிசீலிக்கவே மறுக்கும் அதிகாரமும் கவுன்சிலுக்கு இருக்கிறது.

திருத்திப் போடுவது

என்னைக் கேட்டால், பத்தில் ஏழு எட்டுப் பேருக்கு இதுதான் சரியான வழி. கேட்பதற்குச் சரணடைவது போல இருக்கும், தெரியும்.

செலவு இப்போது வலிக்கிறது. 2025 ஏப்ரலில் வீட்டு விண்ணப்பக் கட்டணம் 258 பவுண்டிலிருந்து 528 பவுண்டாக ஒரே தாவலில் ஏறியது. முன்பு மறுத்தாலும் ஒரு முறை இலவசமாகத் திருத்திப் போடலாம் என்ற சலுகை இருந்தது. 2023 டிசம்பர் 6 முதல் அது இல்லை. மாமா, சித்தப்பா எல்லாம் "ஃப்ரீயா ஒருக்கா போடலாம்" என்று இன்னமும் சொல்வார்கள், நம்ப வேண்டாம். வரைவாளரின் கூலி வேறு.

அதற்கு ஈடாகக் கிடைப்பது, முடிவு வரும் 8 வாரக் கெடு. அதைவிட முக்கியம், எதைத் திருத்த வேண்டும் என்பது கையில் எழுத்தில் இருக்கிறது. தம்பியின் வீட்டில் வரைபடத்தை மேசையில் விரித்து அளந்தோம். முகட்டிலிருந்து கொஞ்சம் கீழே இறக்கி, கூரையோரத்திலிருந்து மேலே தள்ளி, இரு பக்கமும் ஓடு தெரியும்படி விட்டால், ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் இரண்டு சின்ன டோர்மர்கள் வருகின்றன. ஜன்னல்கள் கீழ்மாடி ஜன்னல்களுக்கு நேர் மேலே அமைகின்றன. டோர்மரின் பக்கச் சுவருக்கும் கூரையோட்டையே பதிக்கலாம். நிமிர்ந்து நிற்கும் இடம் குறைகிறது. இரண்டு அறை என்பது ஓர் அறையும் குளியலறையும் ஆகிறது. நான் ஏதோ அவருடைய மகளின் அறையைப் பறித்த மாதிரி அவர் என்னைப் பார்த்தார்.

திருத்தும்போது கூடவே ஒன்றைக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முன்பக்கத்தில் முன்னவர்கள் மாட்டிய பிளாஸ்டிக் ஜன்னலைக் கழற்றி மரச்சட்டம் போடுவது, காருக்காக இடித்த முன்சுவரைப் பழைய உயரத்துக்கு எழுப்புவது. அறை தனி நன்மை, தெருவுக்குத் திரும்பி வரும் முகப்பு பொது நன்மை. தராசில் நமக்கென்று வைக்கக்கூடிய எடை அநேகமாக இது ஒன்றுதான். விண்ணப்பத்தோடு போகும் அறிக்கையில் இதைத் தனியாக எழுத வேண்டும்.

விண்ணப்பம் இன்னும் முடிவாகாமல் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விளக்குக் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டி 21 நாள் ஆனதும், ஐந்தாவது ஆறாவது வாரத்தில் அதிகாரியைக் கூப்பிடுங்கள். பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட முடிவுகளை அதிகாரிகளே எடுக்கிறார்கள், கவுன்சிலர்களின் குழுவுக்குப் போவது கொஞ்சம்தான். மறுக்கப் போகிறார் என்று தெரிந்தால், கெடுவை நீட்டிக்கச் சம்மதித்து வரைபடத்தை மாற்றித் தரலாமா என்று கேளுங்கள். எல்லா கவுன்சிலும் ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொண்டால் இன்னொரு கட்டணம் மிச்சம்.

அனுமதி தேவைப்படாததைக் கட்டுவது

மூன்றாவது வழியைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. பாதுகாப்புப் பகுதியிலும் சில வேலைகளுக்கு பிளானிங் வேண்டாம். பின்பக்கம் ஒரு தளத்தில், ஒட்டிய வீடென்றால் 3 மீட்டர், தனி வீடென்றால் 4 மீட்டர் வரை நீட்டலாம். உயரத்துக்கும் பொருளுக்கும் நிபந்தனைகள் உண்டு. கூரைச் சரிவோடு படிந்த ஜன்னல்களையும் வைக்கலாம், சரிவிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் துருத்தக்கூடாது. பக்கவாட்டில் நீட்டுவது, இரண்டு தளமாகப் பின்னால் எழுப்புவது, வெளிச்சுவருக்குக் கல்லோ பலகையோ போர்த்துவது, இவை உள்ளே வராது.

இந்த வழிக்குத் துணை, சட்டப்படி சரி என்று கவுன்சில் தரும் சான்றிதழ். கட்டணம் விண்ணப்பக் கட்டணத்தில் பாதி. இங்கே அதிகாரிக்கு ரசனைக்கு இடமில்லை. அளவுகள் விதிக்குள் இருந்தால் கொடுத்தாக வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரின் கருத்து எடைக்கு வராது. வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கப்போகும் தாளும் இதுவே.

இரண்டு பொறிகள் உண்டு. 'அசல் வீடு' என்பது 1948 ஜூலை 1 அன்று இருந்த வீடு, அந்தத் தேதிக்குப் பின் கட்டியதென்றால் முதலில் கட்டியபடி இருந்த வீடு. அதற்குப் பிறகு முன்னவர்கள் பின்னால் நீட்டியிருந்தால் அந்த 3 மீட்டரில் அதுவும் கழியும். அப்புறம், ஆர்டிக்கிள் 4 உத்தரவு. கவுன்சில் இதைப் போட்டிருந்தால், அனுமதி கேட்காமல் கட்டும் உரிமைகளில் சில அந்தத் தெருவில் செல்லாது. முன் ஜன்னல், கதவு, முன்தோட்டத்தில் கல் பாவுவது, வெளியே தெரியும் கூரை ஆகியவை வழக்கமாக அகப்படும். ஆகவே கவுன்சில் பக்கத்தில் உங்கள் தெருப் பெயரை முதலில் தேடுங்கள். ஹாம்ஸ்டெட் கார்டன் சபர்ப் போன்ற இடத்தில் கவுன்சில் தவிர அங்குள்ள டிரஸ்டின் சம்மதமும் தனியாக வேண்டும். ஒன்று கிடைத்தால் மற்றதும் கிடைத்ததாக ஆகாது. இதெல்லாம் இங்கிலாந்துக் கணக்கு. ஸ்காட்லாந்திலும் வேல்சிலும் விதிகள் வேறு.

'கட்டிவிட்டுப் பார்ப்போம்' என்ற நான்காவது வழியைப் பற்றியும் யாராவது காதில் போடுவார்கள். முன்பு நான்கு ஆண்டு தாண்டினால் தப்பிக்கலாம் என்று இருந்தது. 2024 ஏப்ரல் 25 அன்றோ அதற்குப் பிறகோ முடித்த கட்டடங்களுக்கு அது பத்து ஆண்டு. பத்து வருடம் பயந்துகொண்டு உறங்கும் அறை யாருக்கும் வேண்டாம்.

தம்பி கடைசியில் இரண்டு வழிகளைச் சேர்த்துப் பிடித்தார். தரைத்தளத்துப் பின்பக்கம் 3 மீட்டருக்குள் அடங்குவதால் அதற்கு மட்டும் சான்றிதழ் கேட்டு, கிடைத்ததும் வேலையைத் தொடங்குவது. அம்மாவின் அறை அங்கே வரும். சின்ன டோர்மர்களுக்குத் தனி விண்ணப்பம், முன்பக்க மரஜன்னலோடு. மேல்முறையீட்டுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. அந்தத் தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தார், அதற்குள் அதிகாரியிடமிருந்து நல்ல சமிக்ஞை வராவிட்டால் அதையும் போட்டுவிடலாம் என்று. திங்கட்கிழமை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு லாஃப்டுக்குள் ஏறி, முகட்டுக்கும் தளத்துக்கும் நடுவே எத்தனை உயரம் என்று படம் எடுத்து அனுப்பினார்: 2 மீட்டர் 38 சென்டிமீட்டர். மகள் நிமிர்ந்து நிற்கலாம்.