பிரிஸ்டல் – பாத் ரயில் தடப் பாதை: அகலம்தான் போதவில்லை

நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் பாதையில் கால் வைத்தாலும் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்றுதான் முதலில் கண் போகும். இங்கிலாந்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பிரிஸ்டல், பாத் என்ற இரண்டு நகரங்களை இணைக்கும் இந்தப் பாதையில் நடந்தேன், வாடகை சைக்கிளிலும் போனேன். மொத்தம் 13 மைல், அதாவது ஏறக்குறைய 21 கிலோமீட்டர். தார் போட்டது. மோட்டார் வண்டி வராது, கட்டணமும் கிடையாது.

முன்பு ரயில் ஓடிய தடம் இது. 1966இல் பயணிகள் ரயில் நின்றுபோனது. 1977இல் பிரிஸ்டலில் சைக்கிள் ஆர்வலர்கள் சேர்ந்து சைக்கிள்பேக் என்ற குழுவை ஆரம்பித்தார்கள். பின்னாளில் சஸ்டிரான்ஸ் என்ற அறக்கட்டளையாக வளர்ந்தது அந்தக் குழுதான். 1979இல் பாத் பக்கத்துப் பகுதியில் தன்னார்வலர்கள் வேலையைத் தொடங்கினார்கள். முழுப் பாதையும் முடிய 1986 ஆகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்தது வேலை நடந்த விதம். முழுத் தூரத்துக்கும் பணம் வந்து சேரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், ஒரு துண்டை முடித்து ஜனங்கள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போயிருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களை இணைக்க நினைக்கும் யாரும் இந்த வரிசையைத்தான் பிடிக்க வேண்டும். காலை நடைக்குப் பழகிவிட்ட மக்கள் மீதித் தூரத்தை அவர்களே கேட்டு வாங்குவார்கள்.

ரயில் தடத்தைப் பிடித்ததில் இன்னொரு லாபமும் உண்டு. ரயில் எஞ்சின் செங்குத்தாக ஏறாது. அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தில் கரை போட்டு, சரிவை அன்றைக்கே மட்டுப்படுத்திவிட்டார்கள். பல வருஷம் ரயிலின் பாரத்தைத் தாங்கி இறுகிய மண் அது. குறுக்கே வரும் சாலைகளுக்கும் ஆற்றுக்கும் பாலங்கள் ஏற்கெனவே இருந்தன. புதிதாக நிலம் எடுத்து இப்படி ஒரு பாதை போட வேண்டுமென்றால் எத்தனை வீடு, எத்தனை வழக்கு! மழை விட்ட கொஞ்ச நேரத்தில் போனபோதும் தண்ணீர் பெரிதாகத் தேங்கவில்லை. மரவேர் தாரைத் தூக்கிய இடங்கள் சில உண்டு. அதைத் தவிர தளத்தில் குறை சொல்ல மாட்டேன்.

பிரிஸ்டலிலிருந்து கிளம்பினால் ஸ்டேபிள் ஹில் வரை லேசான ஏற்றம். முழங்கால் வலி உள்ள எனக்கே அது தெரியவில்லை, மூச்சுதான் கொஞ்சம் சொன்னது. அங்கே 471 மீட்டர் நீளத்தில் ஒரு சுரங்கம். உள்ளே விளக்கு உண்டு, ஆனால் கோடையிலும் குளிரும், மேலிருந்து சொட்டும். "அப்பா, இங்க பிரேக்கைச் சட்டுனு பிடிக்காதீங்க, தரை ஈரமா இருக்கு" என்று மகள் முன்னாலேயே சொல்லிவிட்டாள். நீங்களும் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மேங்கட்ஸ்ஃபீல்டில் பழைய நிலையத்தின் நடைமேடைகள் இன்னும் நிற்கின்றன. அதைத் தாண்டினால் இறக்கம்தான். பிட்டனில், பழைய ரயில்களைப் பாதுகாத்து ஓட்டும் ஏவன் வேலி ரயில்வேயின் தண்டவாளத்தை ஒட்டியே நம் பாதை போகிறது. நீராவி எஞ்சின் ஓடும் நாளாகப் பார்த்துப் போனால் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

சரி, குறைக்கு வருகிறேன். பாதையின் அகலம் மூன்று மீட்டர் அளவில்தான் இருக்கிறது. பிட்டன் பக்கம் இது தாராளம். பிரிஸ்டல் பக்கம் காலை வேளையில் போதவே போதாது. வேலைக்குப் பறக்கும் சைக்கிள்கள், குழந்தை வண்டி தள்ளும் தாய்மார்கள், கயிற்றில் கட்டிய நாய், பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் அதே மூன்று மீட்டரில். மணி அடிக்காமல் தோளை உரசுவது போல ஒருவர் பாய்ந்து போனபோது நெஞ்சு அடைத்துவிட்டது. காது மந்தமான ஒரு வயதானவர் அந்த இடத்தில் இருந்திருந்தால்? அறிவிப்புப் பலகை வைத்து மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது. நெரிசல் உள்ள பகுதியில் கரை இடம் கொடுக்கும் இடமெல்லாம் அகலப்படுத்தி, நடப்பவர்களுக்குத் தனியாக ஒரு ஓரம் ஒதுக்க வேண்டும்.

2008இல் இந்தத் தடத்தின் ஒரு பகுதியில் விரைவுப் பேருந்து விட ஒரு யோசனை வந்தது. ஊரே திரண்டு எதிர்த்ததில் அது கைவிடப்பட்டது. சாலை போட்டே காலம் கழித்தவன் சொல்கிறேன், அந்த எதிர்ப்பு முழுக்க நியாயம். நடுவில் ஒரு மைலை எடுத்துக்கொண்டால் மீதி 12 மைலும் வீண்.

பாத் முனையில் ரயில் தடம் ஊருக்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஏவன் ஆற்றங்கரை வழியாக ஊருக்குள் போக வேண்டும். அங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இன்னும் தெம்பு இருந்தால் இரண்டு பழைய ரயில் சுரங்கங்கள் வழியாகப் போகும், 2013இல் திறந்த டூ டனல்ஸ் பாதைக்குப் போகலாம். அதிலுள்ள கூம் டவுன் சுரங்கம் மட்டுமே 1,672 மீட்டர்.

வார நாளில், அலுவலகக் கூட்டம் ஓய்ந்தபின் பத்து மணி வாக்கில் கிளம்புவது நல்லது. குளிருக்கு ஒரு மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி மிதிக்க முடியாதவர்கள் பாத் ஸ்பா நிலையத்தில் ரயில் ஏறி பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸில் இறங்கிக்கொள்ளலாம். ஏறும் முன் சைக்கிளுக்கு இடம் உண்டா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.