கொறங்காட்டுப் புல்லை இனம்பிரிக்க: குறுக்குவெட்டா, தோல் சுரண்டலா?

காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டில் (வேலியிட்ட மேய்ச்சல் நிலம்) மாடு மேய்ந்த பிறகு கதிர் மிஞ்சாது. இலையை வைத்துத்தான் புல்லைப் பிரிக்க வேண்டும். இலையைக் குறுக்கே மெல்லிசாக வெட்டியோ, ஒரு பக்கத் தோல் மட்டும் மிஞ்சும்படி சுரண்டியோ நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

செலவு
வெட்டு: புது பிளேடு, கேரட் துண்டு, சாஃப்ரனின் (செல்லுக்கு நிறமேற்றும் சிவப்புச் சாயம்).
சுரண்டல்: இவற்றோடு துணி வெளுக்கும் பிளீச். கேரட் வேண்டாம்.

செய்முறை
வெட்டு: இலையின் நடுப்பகுதியைக் கேரட் பிளவில் செருகி, செங்குத்தாக மெல்லிசாகச் சீவுங்கள். சாய்ந்தால் கற்றை உறை செல்கள் (இலை நரம்புக் கற்றையைச் சுற்றி நிற்பவை) நீண்டு தெரிந்து ஏமாற்றும். புல்லில் சிலிக்கா உண்டு. பிளேடு சீக்கிரம் மழுங்கும். காய்ந்த இலையைச் சோப்புத் துளி விட்ட வெந்நீரில் ஊறவையுங்கள்.
சுரண்டல்: இலையின் அடிப்புறம் கீழே இருக்கும்படி ஓட்டின்மேல் வைத்து, பிளீச் சொட்டு விட்டு, பச்சை போகும்வரை மேலிருந்து சுரண்டுங்கள். அழுத்தினால் தோல் கிழியும். நுண்முடியின் நுனிச் செல்லும் உதிரும்.

தெரிவது
வெட்டு: கற்றையைச் சுற்றிப் பெரிய உறை செல்கள் மாலைபோல் நின்றால் சி4 புல் (ஒளிச்சேர்க்கையில் முதலில் நான்கு கார்பன் சேர்மம் உண்டாக்கும் வகை). கொழுக்கட்டைப்புல், அறுகு இரண்டும் அப்படியே. நெல் சி3 (மூன்று கார்பன் வகை), அதில் கற்றைகள் தள்ளித்தள்ளி இருக்கும்.
சுரண்டல்: 400 மடங்கில் தோல் செல்லுக்குள் இருக்கும் சிலிக்காத் துகளின் வடிவம். கொழுக்கட்டைப்புல்லில் டம்பெல், அறுகில் குதிரைச் சேணம். துணைக்குடும்பமே பிரிந்துவிடும்.

சி3யா சி4ஆ என்று மட்டும் கேட்டால் வெட்டு போதும். மேய்ச்சல் காட்டில் பெரும்பாலும் சி4 என்பதால், அங்கே சுரண்டலே கைகொடுக்கும். ஆனால் கொழுக்கட்டைப்புல்லின் இரு இனங்களைப் பிரிக்க இரண்டுமே உதவாது; கதிரின் முள்மயிரைத்தான் பார்க்க வேண்டும். வேலியோரக் கிளுவைக்கு அடியில் மாட்டு வாய்க்கு எட்டாத கதிர் ஒன்றிரண்டு கிடைக்கலாம்.