பெயருள்ள சிலையா, பெயரில்லாத சிலையா?

வடசென்னையில் எங்கள் பகுதிப் பூங்காவுக்கு, இந்த இடத்தின் வரலாற்றைச் சொல்வது போல ஒரு சிலை கேட்டு மனு எழுதலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு வந்தது. சிலை வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். யாருடையது என்பதில்தான் கூட்டம் இரவு வரை இழுத்தது. கடைசியில் மூன்று யோசனைகள் நின்றன: ஒரு தலைவர், ஒரு தமிழ்ப் புலவர், பக்கிங்காம் கர்னாடிக் நெசவாலைத் தொழிலாளர்கள். நான் மூன்றாவதற்குக் கை தூக்கினேன், அதுவே தேர்வானது. ஆகவே கீழே இருப்பது நடுநிலையான அலசல் இல்லை. ஆனால் மற்ற இரண்டு பக்கத்திலும் இருக்கும் நியாயத்தை மறைக்கவும் போவதில்லை.

நகரத்தின் பழைய சிலைகளை முதலில் சுருக்கமாக முடித்துவிடலாம். 1857 கிளர்ச்சியை அடக்கியபோது செய்த கொடுமைகளுக்காகவே நினைவுகூரப்படும் கர்னல் நீலுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. 1927-ல் அதை அகற்றக் கோரிச் சத்தியாகிரகம் நடந்தது, 1937-ல் ராஜாஜி ஆட்சியில் எடுக்கப்பட்டது, இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1839 முதல் தீவுத்திடல் அருகே குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார், அவரை யாரும் இறக்கச் சொல்லவில்லை. உழவரிடமே அரசு நேரடியாக நிலவரி வாங்கிய ரயத்துவாரி முறையோடு சேர்த்து அவரைப் பற்றிப் பேச இன்றும் ஆள் இருக்கிறார்கள். சேணமும், கால் வைக்கும் அங்கவடியும் வைக்கச் சிற்பி மறந்துவிட்டார் என்று ஒரு கதை உலவுகிறதே, அதை நம்ப வேண்டாம். அதே சிற்பி சான்ட்ரே செய்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைக்கும் சேணம், அங்கவடி இரண்டும் இல்லை. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அது இன்னும் நிற்கிறது. ஆகப் பழையதில் எது போக வேண்டும், எது இருக்கலாம் என்பதை அந்த ஆள் செய்த காரியமும் ஊரின் பொறுமையும் தீர்மானித்துவிடுகின்றன. புதிதாக என்ன வைப்பது என்பதுதான் கஷ்டமான கேள்வி.

அதற்கு மெரினாவை விட நல்ல சோதனைக் கூடம் கிடையாது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னைக் கலைப் பள்ளிக்கு முதல் இந்திய முதல்வராக இருந்தவர். ஒரே கடற்கரைச் சாலையில், 1959 என்ற ஒரே ஆண்டில், அவருடைய இரண்டு வெண்கலச் சிலைகள் வந்தன. ஒன்று தடியூன்றி நடக்கும் காந்தி. இன்னொன்று உழைப்பாளர் சிலை. சிற்பி ஒருவர், காற்றும் ஒன்றே. ஒன்றுக்குப் பெயர் உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. ஒப்பிட இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

காந்தி சிலை அழகாகவே இருக்கிறது. முன்னே வைத்த காலும் உடம்பின் சாய்வும் நடையின் வேகத்தைக் காட்டிவிடுகின்றன. ஆனால் பார்ப்பவர் "காந்தி" என்று அடையாளம் கண்டதும் பார்வை முடிந்துவிடுகிறது. பெயர் வேலையைச் செய்துவிடுகிறது, கண்ணுக்கு வேலை குறைவு. உழைப்பாளர் சிலையில் அப்படி முடிக்க முடியாது. பாறையைப் பெயர்க்கும் நான்கு பேர் யார் என்று தெரியாததால் உடம்பைத்தான் பார்த்தாக வேண்டும். ஒரு தடவை பேருந்துக்குக் காத்திருக்கும்போது கிட்டத்தில் போய் நின்று பார்த்தேன். நெம்புகோலை அழுத்துபவரின் முதுகுத் தசை ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருக்கிறது. நால்வரில் யாருடைய கண்ணும் நம்மை நோக்கி இல்லை, அத்தனையும் பாறை மேல். தலைவர் சிலைகள் எப்போதும் நம்மைப் பார்த்துக் கையை நீட்டும். இவர்களுக்கு நம்மைக் கவனிக்க நேரமில்லை.

சரி, அழகு அவரவர் ரசனை. எனக்குத் தீர்மானமாகப் பட்டது வேறு விஷயம்: திறப்பு விழா முடிந்த மறுநாளிலிருந்து அந்தச் சிலைக்கு என்ன ஆகும்? கூட்டத்தில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி எல்லோரையும் சலிப்படைய வைத்தேன்.

பெயருள்ள சிலைக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. கட்சியாக இருக்கலாம், சாதிச் சங்கமாக இருக்கலாம், ரசிகர் மன்றமாக இருக்கலாம். சொந்தக்காரர்கள் இருந்தால் எதிரிகளும் வந்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களில் அம்பேத்கர் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார் என்று பேருந்தில் போகும் யாருக்கும் தெரியும். அரசியல் சட்டத்தை வரைந்தவரைக் கம்பிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு அதைப் பாதுகாப்பு என்கிறோம். மற்ற தலைவர்களுக்கும் அங்கங்கே கூண்டு வந்துவிட்டது. எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பரில் அண்ணா சாலையில் இருந்த கருணாநிதி சிலையை உடைத்தார்கள். ஊரில் பதற்றம் என்றால் முதலில் சிலையடியில் காவலர் நாற்காலி போடுவார். தேர்தல் அறிவிப்பு வந்தால் தலைவர்களைத் துணி போட்டு மூடுவார்கள். பிறந்தநாளுக்கும் நினைவு நாளுக்கும் ஏணி, மாலை, ஒலிபெருக்கி, போக்குவரத்து மாற்றம். சிலை நிரந்தரம் என்கிறோமே தவிர, அதைச் சுற்றி வருடம் முழுக்க ஒரு நிர்வாகம் நடந்துகொண்டே இருக்கிறது.

இடமும் நிரந்தரமில்லை. கண்ணகி சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் வைத்தது, 2001 டிசம்பரில் எடுக்கப்பட்டு, ஆட்சி மாறி 2006-ல் திரும்ப வந்தது. அதே 2006-ல் வைத்த சிவாஜி கணேசன் சிலை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற வழக்கு நீண்டு, 2017-ல் அடையாறு மணிமண்டபத்துக்குப் போனது. இதற்கிடையே 2013-ல் உச்ச நீதிமன்றம், சாலைகளிலும் நடைபாதைகளிலும் மக்கள் புழங்கும் பொது இடங்களிலும் போக்குவரத்துக்குத் தடையாகப் புதுச் சிலை வைக்க மாநிலங்கள் அனுமதி தரக் கூடாது என்றது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றமும், பொது இடத்துச் சிலைகளை எடுத்துத் 'தலைவர்கள் பூங்கா' அமைத்து அங்கே வைக்கலாமே என்றது. ஆகத் தலைவர் சிலை கேட்பவர்கள் கூடவே ஒரு வழக்கையும் கேட்கிறார்கள் என்றே நினைத்துக்கொள்ளலாம்.

உழைப்பாளர் சிலைக்குக் கூண்டு தேவைப்படவில்லை. உடைத்து யாருக்கு எரிச்சல் ஊட்டுவது? யார் தோற்றதாக ஆகும்? அறுபது வருடத்துக்கு மேல் அதே இடத்தில் நிற்கிறது. பேருந்து நிறுத்தத்துக்கே பெயராகிவிட்டது, நடத்துநர் குரலில் தினமும் பல தடவை உச்சரிக்கப்படுகிறது. மெட்ரோ ரயில் வேலையால் காந்தி சிலையடியில் குடியரசு தின அணிவகுப்பு நடத்த முடியாமல் போனபோது, 2023-ல் அது வந்து சேர்ந்ததும் இந்த நால்வர் பக்கத்துக்குத்தான். 

ஆனால் இதற்கு மறுபக்கம் உண்டு, அதைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் சரியாகவே பிடித்தார். "எதிரி இல்லாத சிலைக்கு ஆளும் இல்லை தம்பி" என்றார். தலைவர் சிலையை வருடத்துக்கு இரண்டு முறையாவது கழுவுவார்கள். பீடத்தில் வெடிப்பு வந்தால் கட்சிக்காரர் சத்தம் போடுவார். பெயரில்லாதவருக்குப் பிறந்தநாள் கிடையாது, மிஞ்சிப் போனால் மே 1 உண்டு. காக்கை எச்சமும் போஸ்டரும் அங்கே சேர்ந்தால் கேட்க நாதியில்லை. இந்த வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இருக்கவில்லை. சிலை எதனால் செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்துப் பாதிப் பதில் சொன்னேன். தெருமுனைத் தலைவர்களில் பெரும்பாலோர் சிமென்ட். உள்ளே இரும்புக் கம்பி, மேலே தங்க நிறப் பெயின்ட். கடல் பக்கத்து ஈரத்தில் கம்பி துருப்பிடித்து உப்பும், முதலில் விரல் நுனி உதிரும், அப்புறம் கண்ணாடிச் சட்டம். மறுபடி பூச்சு, மறுபடி பெயின்ட், அடுத்த பிறந்தநாளுக்குள் முகமே மாறிவிடும். அடையாளம் தெரியாமல் போன தலைவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெண்கலம் அப்படிக் கேட்பதில்லை. மேலே பச்சை படரும், அது பெரும்பாலும் உலோகத்துக்கே காப்பு. அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவி உப்பை எடுத்து மெழுகு பூசினால் நீண்ட காலம் தாங்கும். செலவு முதலில் அதிகம் என்பது உண்மை. கருங்கல் இன்னும் மலிவாக முடியும் என்று ஒருவர் சொன்னார். கல் வேலையில் எனக்குப் பழக்கம் இல்லாததால் அதை மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை.

இரண்டாவது யோசனையான புலவர் சிலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 1968-ல் மெரினாவில் ஔவையார், கம்பர், வள்ளுவர் என்று வரிசையாக வைத்தார்களே, அவர்களில் யாருடைய முகமும் யாருக்கும் தெரியாது. பெயர் மட்டும் இருக்கிறது, உருவம் நம் கற்பனை. அதே வரிசையில் வீரமாமுனிவரும் கால்டுவெல்லும் ஜி.யு. போப்பும் நிற்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். மொழிக்கு வேலை செய்தவர் எந்த ஊரில் பிறந்திருந்தாலும் நம் கடற்கரையில் இடம் உண்டு என்று அந்த வரிசை சொல்கிறது. மொத்த நகரத்துக்கும் பொதுவாக ஒரு சிலை வேண்டும் என்றால் நான் இதற்குத்தான் வாக்களித்திருப்பேன். ஆனால் எங்கள் பூங்காவில் வள்ளுவர் நின்றால் அது எங்கள் பகுதியைப் பற்றி எதுவும் சொல்லாது. எந்த ஊரிலும் நிற்கக்கூடியவர் அவர்.

எங்கள் பகுதிக்கென்று சொல்ல வேண்டியது ஆலைதான். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பி.பி. வாடியா தலைமையில் இங்கே பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். திரு.வி.க. அதில் முன்னின்றார். 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தியதும் இந்தச் சென்னையில்தான். 1996-ல் ஆலை மூடப்பட்டது. சங்கு ஊதும் நேரத்தை வைத்து வீட்டு வேலையைக் கணக்குப் பண்ணியவர்கள் இன்னும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். "அப்படியென்றால் திரு.வி.க.வை வையுங்கள், பெயரும் ஆச்சு, வரலாறும் ஆச்சு" என்று ஒருவர் சொன்னார். தலைவர் பக்கத்தில் வந்த வாதங்களிலேயே வலுவானது இதுதான். அவர் பெயரில் சண்டை போடவும் ஆள் வராது. ஆனாலும் அவர் ஏற்கெனவே பூங்காவாகவும் பாலமாகவும் தெருவாகவும் இருக்கிறார். தறி ஓட்டியவருக்கு ஒரு சந்தின் பெயர்கூட இல்லை.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். பெயரில்லாத கூட்டுச் சிலை ஒற்றுமையை மிகைப்படுத்தும். நால்வர் சேர்ந்து ஒரு பாறையைத் தள்ளுவதைப் பார்த்தால் தொழிலாளர் எப்போதும் ஒரே கையாக இருந்தது போலத் தோன்றும். 1921 ஆலை வேலைநிறுத்தத்தில் அப்படி நடக்கவில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் பிளவு விழுந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. வெண்கலத்தில் இதை எப்படிக் காட்டுவது? தலைவர் சிலை ஒரு ஆளின் குறைகளை மறைக்கும் என்றால், இது ஒரு வர்க்கத்தின் குறைகளை மறைக்கும். பீடத்தில் வெறும் வாழ்த்து வரி எழுதாமல் நடந்ததைச் சுருக்கமாகக் கல்வெட்டில் எழுத வேண்டும் என்று மனுவில் சேர்த்தது இதனால்தான். அந்த ஒரு வரிக்கு மூன்று பேர் எதிர்ப்பு, இன்னும் அது தீரவில்லை.

மெரினா நால்வரில் பெண் ஒருத்தியும் இல்லை என்பதும் உறுத்துகிறது. இந்த நகரத்தில் எந்த மாடி சித்தாள் ஏறாமல் எழுந்தது? எங்கள் மனுவில் குறைந்தது ஓர் உருவமாவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். பீடம் இடுப்பளவுக்கு மேல் உயரக் கூடாது என்றும் எழுதியிருக்கிறோம். அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் வைத்தால் முதுகுத் தசை தெரியாது, ஏணி தேவைப்படும், ஏணி வந்தால் மாலை வரும், பின்னாலேயே மைக் வரும்.

மனு இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் ஆலையின் வரலாறு, இரண்டாவதில் உலோகம், பீடம், கழுவும் முறை, யார் பொறுப்பு என்ற விவரங்கள். சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் நகல் அனுப்பினேன். இரண்டாம் பக்கத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று மட்டும் ஐந்தாறு பேர் கேட்டுவிட்டார்கள்.